‘ஸ்கேன்’ என்னும் ஒற்றைச் சொல்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையில், பாலாற்றை ஒட்டிய மாதனூர்ப் பக்கத்தில் வயிற்று நோய் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் ஒரே சொல்லில் வந்து முடிகின்றன. தோல் பதனிடும் கூடத்தில் உழைப்பவராயினும் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணாயினும், ‘ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டால் அது தீர்ப்பாகிவிடுகிறது. தமிழகம் முழுவதும் வழங்கும் இந்த ஒற்றைச் சொல் ஆபத்தானது என்பதே என் எண்ணம்.

‘ஸ்கேன்’ என்று நாம் சொல்வது பல கருவிகளை. ஒவ்வொன்றின் பார்வையும் வேறு. ஒலியலை கொண்டு பார்க்கும் அல்ட்ராசவுண்ட், கல்லீரலையும் பித்தப்பைக் கல்லையும் நன்றாகக் காட்டும். இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்றோ ஒலியலையைச் சிதறடித்துவிடும். அவற்றின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி அதற்குப் பெரும்பாலும் அகப்படாது. கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது, நிணநீர்க் கணுக்களையும் கல்லீரலையும் எட்டிவிட்டதா என்று சொல்வதில் சி.டி. ஸ்கேன் வல்லது, ஆயினும் சளிப்படலத்தோடு நிற்கும் தொடக்கநிலைக் கட்டியை அதுவும் தவறவிடலாம்.

அங்கே வேண்டுவது எண்டோஸ்கோப்பி. இரைப்பைக்கு வாய்வழியாகவும் பெருங்குடலுக்கு ஆசனவாய்வழியாகவும் செலுத்தப்படும் அக்குழாய், நிறமாற்றத்தையும் சிறு குழிவையும் நேரில் காட்டும். ஐயமிருந்தால் அங்கேயே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கலாம். புற்றுதான் என்று உறுதிசெய்வது அத்துணுக்கின் பரிசோதனையே.

ஜப்பானில் பேரியம் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுக்கும் பரிசோதனை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 2016இல் வந்த வழிகாட்டுதல், 50 வயதைக் கடந்தோருக்கு எண்டோஸ்கோப்பியையும் பரிந்துரைத்தது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்தும், அத்தகைய நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் இங்கில்லை. எனவே, நோயை உரிய காலத்தில் கண்டறிவது பெரிதும் நோயாளி தன் தொல்லையை எப்படிச் சொல்கிறார் என்பதையே சார்ந்திருக்கிறது. விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடைக்குறைவு, கறுத்த மலம், தீராத சோகை ஆகிய எல்லாவற்றையும் ‘கேஸ்’ என்று சுருக்கி, ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி ஒத்திப்போடுகிறோம்.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனை இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. மாதனூருக்கு அது தொலைவில்லை. நடுவே நிற்பவை கூலியும் தயக்கமும், இந்த மங்கிய சொற்களும். கலைச்சொல் தமிழா ஆங்கிலமா என்று வாதிடும் நாம், அதற்கு முன் இரண்டு கேள்விகளை மக்கள் நாவில் பழக்கலாம்: ‘எந்த ஸ்கேன்? அதற்குத் தெரியாதது எது?’