காய்ச்சல் பிள்ளையை ஆயா வீட்டில் விடலாமா?

விடியற்காலை ஐந்தரை மணி. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இராத்திரியே மேல் சுட்டது. தாய் என்ன செய்வாள்? காய்ச்சல் மருந்தை ஒரு கரண்டி ஊற்றுகிறாள். சூடு கொஞ்சம் இறங்குகிறது. ஆயா வீட்டு வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, "ராத்திரி சரியா தூங்கல, அதான் சிணுங்குறான். பாத்துக்குங்க ஆயா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறாள். பத்து மணிக்கு மருந்தின் வேகம் அடங்கியதும் காய்ச்சல் மறுபடியும் ஏறுகிறது. அதற்குள் அந்தப் பிள்ளை சப்பிய பொம்மையை இன்னும் நாலு பிள்ளைகள் சப்பியாகிவிட்டது.

தோட்டத்தில் இதைப் பார்க்காதவர் யார்? தாயைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு கொடுக்கும் நோய் விடுப்பு தொழிலாளி படுத்தால் மட்டுமே; பிள்ளை படுத்தால் இல்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் பிரசவ விடுமுறை 98 நாளானது, தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் பிறந்த பிள்ளை பிறகு காய்ச்சலில் கிடந்தால் யார் பார்ப்பது?

அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. வரிசையாக ஏணை கட்டியிருக்கும். டிரசர் வந்து எட்டிப் பார்ப்பார். அதுவும் சொர்க்கமாக இருந்ததில்லை. ஈயும் மூத்திர வாடையும் அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இன்று பல இடங்களில் அந்தக் கொட்டகையும் இல்லை. அக்கம்பக்கத்து அம்மா ஒருவர் தம் வீட்டிலேயே ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு, பல வீட்டுப் பிள்ளைகள், நாலு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், நாலு பேரோ அதற்கு மேலோ இருந்தால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் ஆயாமாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பதிவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயாவும் பெற்றோரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்த நோய்க்குப் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும்? மூக்கு ஒழுகுகிற பிள்ளையை எல்லாம் திருப்பி அனுப்பினால் தோட்டத்தில் ஒருவரும் வேலைக்குப் போக முடியாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, மேலெல்லாம் கொப்புளம், கண் சிவந்து பீளை கட்டுவது, இவை இருந்தால் விடக்கூடாது. கை, கால், வாய் நோயாக இருந்தால் பத்து நாள் வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள். 1997-இல் சரவாக்கில் அந்த நோய் பரவியபோது குழந்தைகள் மாண்டதை மறக்க வேண்டாம். அந்தக் கிருமிக்குக் கையில் தேய்க்கும் ஜெல் மட்டும் போதாது; பம்பர்ஸ் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆயா சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, அடுத்த வீட்டுப் பிள்ளையை உள்ளே விடாமல் வைத்தவர்கள் நம் பாட்டிமார்.

மருந்து கொடுத்ததை மறைப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. காய்ச்சலைப் பார்த்து ஆயாவும் இன்னொரு கரண்டி ஊற்றுவார். அளவு மீறினால் அதே மருந்து ஈரலைக் கெடுக்கும். "அஞ்சு மணிக்கு மருந்து குடுத்தேன் ஆயா" என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன வெட்கம்? பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, இழுப்பு வந்தாலோ சாயந்திரம் வரை காத்திராமல் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். யாருக்குப் போன் செய்வது, யார் காடியில் போவது என்பதையும் அன்றே பேசி வைத்துவிடலாம்.

பணத்தையும் மறைக்காமல் பேசுவோம். பிள்ளை வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால், காய்ச்சல் பிள்ளையை எந்த ஆயா வேண்டாம் என்பார்? அவருக்கும் அடுப்பெரிய வேண்டாமா? ஆகவே அந்த நாட்களுக்கும் காசைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அவர் துணிந்து "இன்னைக்கு வேணாம்மா, வீட்ல வச்சுக்க" என்று சொல்லலாம். நீங்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தகப்பன்மார்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்போதும் தாய்தான் நிற்க வேண்டுமா? முறை வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தடவை அவள் என்றால் அடுத்த தடவை நீங்கள்.

1954-இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் கூலிக்காகப் பல முறை முதலாளிமாரோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில், பிள்ளை நோய்க்கென்று ஆண்டுக்கு மூன்று நாள் சம்பள விடுப்பு கேட்டால் என்ன? உங்கள் தோட்டத்துக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். பிள்ளை பார்க்கும் ஆயாவையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.