மேல்மாடி அறைக்குப் பலகைத் தளம்



கட்டாரில் தொழில் புரியும் கணவர் அடுத்த விடுமுறையில் வந்து, மேல்மாடி அறைக்குத் தம் கையாலேயே பலகைத் தளம் போடப் போகிறாராம். விடுமுறையோ 45 நாட்கள். உதவிக்கு மூத்த மகன் நிற்பான். "இது சரிவருமா? சேர்த்த காசு வீணாகிப் போகுமா?" என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். இதே எண்ணத்தோடு வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

சரிவரும். ஆனால் அவர் வந்து இறங்கிய பிறகு பலகை தேடத் தொடங்கினால் சரிவராது. பலகை அடிப்பது சில நாள் வேலை. அதற்கு முந்திய ஆயத்தம்தான் மாதக்கணக்கு. அந்த ஆயத்தம் வீட்டில் இருக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் அலுமாரிக் கதவு இறுகிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலவாட்டில் ஊதும், குறைந்தால் சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். பச்சைப் பலகையை நெருக்கமாக அடித்துவிட்டால், சில மாதங்களில் அது காய்ந்து சுருங்கி, நாணயம் செருகலாம் போல் இடைவெளி விழும். அப்போது கணவர் கட்டாரில் இருப்பார். விளக்குமாற்றோடு அந்த இடைவெளிகளில் குப்பை நோண்டுவது நீங்களாகத்தான் இருக்கும்.

ஆகவே மரக்காலையில் விலையைக் கேட்பதற்கு முன், எப்போது அறுத்த மரம் என்று கேளுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு நிழலில் ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. சூளையில் காயவைத்த பலகை கிடைத்தால், விலை கூடினாலும் அதையே எடுங்கள். தேக்கு நல்லது, ஆனால் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதியைக் கறையான் விடாது. பலாவும் தளத்துக்கு ஏற்றது. புதிதில் மஞ்சளாக இருந்து நாளடைவில் கபில நிறமாகும். "வளவிலே பலா நிற்கிறதே, அதை அறுப்போம்" என்று நினைக்கிறீர்களா? 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உங்கள் வளவில் நின்றாலும் பலாவை அனுமதி பெறாமல் வெட்ட முடியாது. ஈரப்பலாவுக்கும் அப்படியே. தவிர, இன்று வெட்டிய மரம் அடுத்த விடுமுறைக்குக் காயவும் காயாது.

வாங்கிய பலகையைக் கீழே கராஜில் போட்டு வைக்காதீர்கள். தளம் போடப்போகும் அதே அறையில், நிலத்தில் படாமல் கட்டை கொடுத்து, வரிசைகளுக்கு இடையே காற்றுப் புக மெல்லிய சட்டம் வைத்து அடுக்குங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது அங்கே கிடக்கட்டும்.

அதற்கு முன்னர் சீமெந்துத் தளத்தின் ஈரத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போடுங்கள். மேல்மாடியில் ஈரம் தெரிந்தால் கூரை ஒழுக்கையும் குளியலறைச் சுவரையும் பாருங்கள். நிலத்தோடு ஒட்டிய கீழ் அறைக்கு நமது மழைப் பிரதேசங்களில் பலகைத் தளம் வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி அளவு. சகோதரியின் அறை 14 அடி நீளம், 11 அடி 10 அங்குல அகலம். சுமார் 166 சதுர அடி. வெட்டிக் கழிவதற்குப் பத்துக்கு ஒன்று கூட்டினால் 183. சீமெந்தில் நேரே ஆணி அடிக்க முடியாது. பொலித்தீன் விரித்து, முக்கால் அங்குல ஒட்டுப்பலகையைத் திருகாணியால் இறுக்கி, அதன் மேல்தான் பலகை. எட்டடிக்கு நாலடித் தாள் ஆறு வேண்டும்.

சுவரோரம் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் வெறுமையாக விட வேண்டும். பலகை ஊத இடமில்லாவிட்டால் நடுவே எழும்பிவிடும். அந்த இடைவெளியைச் சுவரோரச் சட்டம் மறைத்துவிடும். சட்டத்தைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல. ஆக, 142 அங்குல அகலத்தில் 141 மிஞ்சுகிறது. நான்கு அங்குலப் பலகை 35 வரிசை போனால் கடைசியில் ஓர் அங்குலம் நிற்கும். அவ்வளவு ஒடுங்கிய துண்டு நிலைக்காது. அதனால் 34 முழு வரிசை, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டரை அங்குலத் துண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மகனிடம் கொடுத்தால் தாளில் கீறித் தந்துவிடுவான்.

பலரும் மறந்துவிடுவது வாசலை. ஒட்டுப்பலகையும் பலகையும் சேர்ந்து தளம் ஒன்றரை அங்குலம் உயர்கிறது. கதவின் அடியை அந்த அளவு அறுக்க வேண்டும். வெளியே விறாந்தை தாழ்ந்தே இருப்பதால், இரவில் வுழூச் செய்ய எழும்பும் உம்மாவின் கால் அதில் இடறும். வாசலுக்குச் சாய்வான பலகையொன்றை மரக்காலையிலேயே இழைத்து வாங்கிவிடுங்கள். குளியலறை வாசலில் தடித்த கால்மிதி கட்டாயம். ஈரக்கால் நாள் தவறாமல் படும் இடம் முதலில் கறுக்கும்.

இனி விடுமுறையைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி ஒரு வாரம் அவர் பிள்ளைகளோடும் உறவினரோடும் இருக்கட்டும். அதற்கு முந்திய பத்து நாள் அரத்தாள் தேய்ப்புக்கும் மூன்று பூச்சு வார்னிஷுக்கும் அது காய்வதற்கும். அப்படியானால் கடைசி ஆணி 28ஆம் நாளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் சிறுபிள்ளைகளும் இழுப்பு உள்ளவர்களும் கீழேயே படுக்கட்டும். மாடி யன்னல்களைத் திறந்து வையுங்கள். வார்னிஷ் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இறுக நாளெடுக்கும். அவசரப்பட்டு அலுமாரியை இழுத்து வைத்தால் அதன் கால் தடம் அப்படியே பதிந்துவிடும்.