0471-ஐக் கூட்ட முடியுமா?

டெக்னோபார்க்கில் பொட்டி தட்டும் நம்மாட்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் "வேரியபிள் என்பது ஒரு பெட்டி" என்று ஆரம்பிக்கிறார்களே, அது எனக்குப் பிடிப்பதில்லை. பைத்தானில் அது பெட்டி இல்லைங்க, ஊருக்குப் போகும்போது பையில் கட்டுகிற பெயர்ச்சீட்டு. ஒரே பைக்கு இரண்டு சீட்டு கட்டலாம், அவிழ்த்து வேறு பையிலும் மாட்டலாம்.

டேட்டா டைப்புக்கு வீட்டிலேயே உதாரணம் இருக்கு. வயது 12, இன்டிஜர். காய்ச்சல் 99.5, ஃப்ளோட். நாகர்கோவில் டிக்கெட் கன்ஃபர்மா இல்லையா, பூலியன். (அப்போ ஆர்.ஏ.சி.? என்று கேட்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும்!)

சரி, திருவனந்தபுரத்தின் எஸ்.டி.டி. கோட் 0471? அப்படியே எண்ணாக அடித்தால் பைத்தான் 3 பிழை காட்டும். இன்டிஜராக மாற்றினால் 471, பூஜ்யம் போச்சு. அதைக் கூட்டிக் கழிக்கவா போகிறோம்? மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக வையுங்கள்.

இன்னொன்று. இங்கே பள்ளியில் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும்தான், தமிழ் எழுத்து நம் வீட்டோடு சரி. 2008-ல் வந்த பைத்தான் 3-இல் வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். வயது = 12 என்று அடியுங்கள், ஓடும். அப்படியே 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேளுங்கள். 3 வராது, 5 வரும்! 'மி'யின் இகரக் குறியையும் 'ழ்' மேலுள்ள புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஏன் என்று பிள்ளை கேட்கும். மெய், உயிர்மெய் எல்லாம் அப்போது சொல்லிக்கொடுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.