காத்துக்குப் பயந்து கல்லை வாங்காதீங்க

முதலே சொல்லிவிடுகிறோம், இது ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பற்றிய சண்டை. "இதுக்கும் ஒரு கட்டுரையா?" எண்டு கேட்கிறவங்க, பதினொரு பேராகத் தொடங்கின எங்கட கூட்டம் ஏன் ஐந்து பேராச்சு என்பதை வாசித்துவிட்டுக் கேளுங்க.

பாலாவியைத் தெரிந்தவர்களுக்கு எங்கட காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொழும்பு – புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரிகிற சந்தி இது. உப்பளம், களப்பு, வெளி. மறைக்க ஒரு மேடு கிடையாது. மே மாதத்தில் சோளகம் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்தக் காற்றும் வெயிலும் சேர்ந்துதான் உப்பு விளைய வைக்குது. மாம்புரிப் பக்கம் காற்றாலை சுற்றுவதும், கற்பிட்டியில் வெளிநாட்டுக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குவதும் அதே காற்றால்தான். காய வைத்த துணியைத் தேடி ஓடுகிறதுதான் எங்களுக்கு மிஞ்சினது.

அந்தக் காற்றில்தான் நாங்க டிஸ்க் கோல்ஃப் தொடங்கினோம். தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரித்தான், பந்துக்குப் பதில் டிஸ்க், குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. எத்தனை எறிகளில் கூடைக்குள் போடுகிறாய் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். எங்களிடம் மைதானமும் இல்லை, கூடையும் இல்லை. கம்பத்தில் கட்டின பழைய டயர்தான் கூடை. முதலில் ஒரு சாதாரண ஃபிரிஸ்பி. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஒருத்தியின் சாச்சா ஊருக்கு வரும்போது ஒரு உண்மையான டிஸ்க் கொண்டுவரச் சொன்னோம். ஒன்றே ஒன்று. எதை வாங்குவது?

அங்கேதான் பிழை விட்டோம். "நம்மட காத்துக்கு நல்ல ஓவர்ஸ்டேபிள்தான் சரி. சும்மா டிஸ்க் எல்லாம் களப்புக்குள்ள போயிரும்" எண்டு எங்களில் பலமாக எறிகிற இரண்டு பேர் சொன்னாங்க. மற்றவர்கள் தலையாட்டினோம். இருக்கிறதிலேயே கடும் ஓவர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் ஒன்று வந்து சேர்ந்தது.

ஓவர்ஸ்டேபிள் எண்டால் என்ன? வலது கையால், உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் எறிந்தால் டிஸ்க் மேலிருந்து பார்க்க கடிகார முள் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது அது வலது பக்கம் சாயப் பார்க்கும், அது டர்ன். வேகம் குறையக் குறைய இடது பக்கம் சாய்ந்து இறங்கும், அது ஃபேட். காரணம் எளிது. மெதுவாகப் போகையில் காற்று டிஸ்கின் முன்பக்கத்தைத் தூக்குது. ஆனால் சுழலும் பொருள் தூக்கின பக்கம் எழும்பாது, பம்பரம் மாதிரி பக்கவாட்டில் சாயும். வலது பக்கம் சாய மறுத்து, இடது பக்கம் அடம்பிடித்து வரும் டிஸ்கைத்தான் ஓவர்ஸ்டேபிள் என்கிறோம்.

எதிர்க்காற்றில் அதற்கு ஏன் மரியாதை என்பதும் இதிலிருந்தே விளங்கும். கணக்குக்கு வைத்துக்கொள்வோம், நீங்க 50 கிலோமீற்றர் வேகத்தில் எறியுறீங்க, எதிரே 30 கிலோமீற்றர் காற்று. டிஸ்குக்குத் தெரிகிற வேகம் 80. அதனால் சாதாரண டிஸ்க் வலது பக்கம் கவிழ்ந்து, தரையில் சில்லு மாதிரி உருண்டு ஓடும். ஓவர்ஸ்டேபிள் கவிழாது. இதுவரைக்கும் அந்த இரண்டு பேர் சொன்னது சரி.

ஆனால் அவங்க பாதிக் கணக்கைத்தான் சொன்னாங்க. டயர் வரை போனால் திரும்பி வர வேண்டாமா? திரும்பும்போது அதே காற்று முதுகில். 50இல் 30ஐக் கழித்துப் பாருங்க. டிஸ்குக்குத் தெரிவது வெறும் 20. அந்த வேகத்தில் கடும் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் பறக்காது, இடது பக்கம் திரும்பி விழும். கல்லு.

பலமான கைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, கழித்தாலும் மிச்சம் இருக்கும். மெதுவான கைக்கு எதிர்க்காற்று வேகத்தைக் கடன் குடுக்குது, பின்காற்று இருக்கிறதையும் பிடுங்குது. எங்கட கூட்டத்தில் மெதுவான கைகள் யாருடையவை? பத்தாம் வகுப்புத் தம்பிமார், நாலு தங்கச்சிமார், வாழ்க்கையில் பந்துகூட எறியாத ஒரு ராத்தா. மாதக் கணக்காக அவங்க எறிந்த ஒவ்வொரு எறியும் ஒரே மாதிரி முடிந்தது, கொஞ்சத் தூரம், இடது பக்கம், தொப்பென்று. "இன்னும் பலமா எறிங்க" எண்டு நாங்க புத்தி சொன்னோம். ஒவ்வொருத்தராக வேறு வேலை வந்துவிட்டது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

அவங்களுக்கு ஆர்வம் இல்லையாம், அப்படித்தான் எங்களில் சிலர் இன்றைக்கும் சொல்றாங்க. நாங்க மறுக்கிறோம். இரண்டு பேரின் கைக்கு ஏற்ற டிஸ்கைப் பதினொரு பேரின் காசில் வாங்கிவிட்டு, மிச்சம் ஒன்பது பேரைப் பலம் இல்லாதவர்கள் என்றோம். கிரிக்கெட்டில் "நீங்க ஓரமா நிண்டு பந்து பொறுக்குங்க" எண்டு சொல்லும் அதே பழக்கம்தான், இந்த முறை பிளாஸ்டிக்கில் வந்தது.

இன்னொரு கெடுதலும் உண்டு. கடும் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் உங்கட பிழையைச் சொல்லாது. கையைத் திருப்பி எறிந்தாலும், ஆட்டி எறிந்தாலும், அது கடைசியில் இடது பக்கமே வரும். ஓரளவு நேராகப் போகும் டிஸ்க்தான் உண்மை சொல்லும். அது தள்ளாடினால் உங்கட கை தள்ளாடியிருக்கு. அந்த இரண்டு பலசாலிகளும் அத்தனை மாதத்தில் கற்றது ஒரே ஒரு எறி. இதையும் அவங்க விரும்பாவிட்டாலும் எழுதுகிறோம்.

"காத்துள்ள ஊரில் வேறு வழி இல்லை" என்பவர்களுக்கு ஒரு உதாரணம். சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் விளையாடுறாங்க. அது கூடை இல்லாத, அணியாக விளையாடும் டிஸ்க் விளையாட்டு. அங்கேயும் கடற்காற்று. ஆணும் பெண்ணும் ஒரே அணியில். அல்டிமேட்டுக்கு உலகம் முழுக்கப் பழகின டிஸ்க் 175 கிராம், கிட்டத்தட்ட நேராகப் பறப்பது. பலமானவருக்கு ஒன்று, மெலிந்தவருக்கு ஒன்று எண்டு அங்கே கிடையாது. காற்றைப் படிக்கவும், டிஸ்கைச் சாய்த்துப் பிடிக்கவும், தாழ எறியவும் எல்லாரும் அதே டிஸ்கில்தான் பழகுறாங்க.

அப்ப எதை வாங்குவது? டிஸ்கில் பெரும்பாலும் நாலு எண் இருக்கும்: வேகம், கிளைட், டர்ன், ஃபேட். கிளைட் எண்டால் காற்றில் மிதந்து நிற்கும் தன்மை. இந்த எண்களைப் போடுவது தயாரிக்கும் கொம்பனிதான். உலகச் சங்கமான பி.டி.ஜி.ஏ அளவு, எடை போன்றவற்றைத்தான் சோதிக்குது, பறப்பை அல்ல. அதோடு அந்த எண்கள் நன்றாக எறியத் தெரிந்த கைக்கு உரியவை. மெதுவான கையில் எந்த டிஸ்கும் எழுதியிருப்பதை விட அதிகம் ஓவர்ஸ்டேபிளாகவே நடக்கும்.

இனோவாவின் இரண்டு மிட்ரேஞ்சைப் பாருங்க. கேட்டர் 5, 2, 0, 3. ராக்3 5, 4, 0, 3. டர்னும் ஃபேடும் ஒன்றேதான். கடையில் "ரெண்டும் ஓவர்ஸ்டேபிள்" எண்டு முடித்துவிடுவாங்க. வித்தியாசம் கிளைட்டில் இருக்கு. கிளைட் 2 டிஸ்க் பலமான கைக்கு, கடும் எதிர்க்காற்றுக்கு அருமையான கருவி. கிளைட் 4 டிஸ்க் மெதுவான கையிலும் கொஞ்சம் மிதக்கும். எல்லாரும் ஃபேடைப் பார்த்து வாங்குறாங்க. கூட்டமாக வாங்குகிறவர்கள் முதலில் கிளைட்டைப் பார்க்க வேணும்.

எங்கட தீர்மானம் இதுதான். பொதுக் காசில் வாங்கும் முதல் மிட்ரேஞ்ச் கிளைட் 4க்குக் குறையக்கூடாது, டர்ன் -1க்குக் கீழே போகக்கூடாது, ஃபேட் 1 அல்லது 2. டிஸ்கிராஃப்ட் பஸ் 5, 4, -1, 1, இந்த வகை. எதிர்க்காற்றில் அதை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, தாழ எறியப் பழகினால் போதும். காசு சேர்ந்தால் இரண்டாவது, ராக்3 வகை ஓவர்ஸ்டேபிள். கேட்டர் வகை அதற்கும் பிறகு.

எடையிலும் வீரம் வேண்டாம். சட்டப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் வரை போகலாம். 21.7 சென்ரிமீற்றர் டிஸ்குக்கு அது 180 கிராம். பாரமான டிஸ்க் காற்றில் குறைவாக அலையும், உண்மை. ஆனால் சின்னக் கை அதைச் சுழற்ற வேணுமே. 170க்குக் கிட்ட எடுங்க. ஓவர்ஸ்டேபிள் வாங்கும்போது மலிவுப் பிளாஸ்டிக்கே எடுங்க. தரையில் அடிபட அடிபட அதன் அடம் குறையும், உங்கட கையும் அதற்குள் வளரும். விலை கூடின பிளாஸ்டிக் பல வருசம் அதே அடத்தோடு இருக்கும்.

மரம் நிறைந்த பூங்காவில் இருந்து எழுதுகிறவரின் "முதல் டிஸ்க்" பட்டியல் எங்கட உப்பு வெளிக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறோம். மிக இலேசாகக் கவிழும் டிஸ்க் இங்கே உருண்டு களப்புக்குத்தான் போகும். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பதில் எங்களில் பலமானவரின் விருப்பத்தை வைத்தது அதை விடப் பெரிய பிழை. டிஸ்க் வாங்கும் முன் காற்றைப் பாருங்க, போகும் காற்றையும் திரும்பும் காற்றையும். அதற்குப் பிறகு உங்கட கூட்டத்தில் மிக மெதுவான கை யாருடையது எண்டு பாருங்க. அந்தக் கையில் பறக்காத டிஸ்க் பொது டிஸ்க் இல்லை.

புது டிஸ்குக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த முறை எண்ணைத் தெரிவு செய்யப் போவது அந்த ராத்தா. அவவிட வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "முதல்ல எறிஞ்சு பார்த்துட்டுச் சொல்றேன்" எண்டு சொல்லியிருக்கிறா. நாங்க முதல் டிஸ்க் வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.