இரும்பு மாட்டுக்கு வைத்தியம்

உழுகிற மாடு சேற்றில் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று நம் கிராமங்களில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாலை முறுக்கலாம், அதட்டலாம், கெஞ்சலாம். ஒன்றும் பலிக்காவிட்டால், "பாவம், வாயில்லா ஜீவன்!" என்று சொல்லி நுகத்தடியை அவிழ்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் டிராக்டர் படுத்துக்கொண்டால்? இந்தக் கேள்வி பட்டணவாசிகளாகிய நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சென்ற புரட்டாசி மாதத்தில் மன்னார்குடிக்குச் சமீபத்திலுள்ள ஒரு கிராமத்தில் சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அது நம் கண்முன்னால் வந்து நின்றது. நின்றது என்பதே சரியான வார்த்தை, அது நகரவேயில்லை.

சிநேகிதருக்கு ஒன்றரை வேலி நன்செய் நிலம். டிராக்டரோ 1978-ஆம் வருஷத்தில் அவருடைய தகப்பனார் இரண்டு ஜோடி எருதுகளை விற்று வாங்கியது. மூன்று சிலிண்டர் டீசல் யந்திரம். ஒரு காலத்தில் அதற்கு வர்ணம் பூசியிருந்தார்கள் என்பதற்கு இங்குமங்கும் சில அத்தாட்சிகள் உண்டு. ஆனால் யந்திரம் மட்டும் கிழட்டு வாத்தியாரைப்போல் கிரமம் தவறாதது. சாவியைத் திருப்பினால் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடும்.

அன்று சம்பா நடவு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்து இரண்டு நாளாகியிருந்தது. மறுநாள் மாலையோடு மடையை அடைத்துவிடுவார்கள். நாற்றுக்கு வயது முப்பத்திரண்டு நாள். பறித்துக் கட்டிய முடிகள் வரப்போரத்தில் வரிசையாகக் கிடந்தன. நடவுக்குப் பதினெட்டுப் பெண்கள் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சேற்றுழவு ஒன்றுதான் பாக்கி. டிரைவர், அந்த ஊர்ப் பையன், ஆறு வருஷமாகச் சிநேகிதரிடம் வேலை பார்க்கிறவன், காலை ஆறு மணிக்குக் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தான். முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. வயலில் இறங்கி இரண்டு சுற்று உழுதது. மூன்றாவது சுற்றில், ஓட்டப் பந்தயத்தில் மூச்சுத் திணறுகிறவனைப்போல் இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்து ஓடி, நின்றுபோய்விட்டது.

டிரைவர் செல்ப்பைப் போட்டான். யந்திரம் வெகு உற்சாகமாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. புகைக் குழாயில் ஒரு துளிப் புகை கூட இல்லை.

ஐந்து நிமிஷத்துக்குள் வரப்பில் ஒரு மகாநாடு கூடிவிட்டது. யந்திர சாஸ்திரத்தில் நம் ஜனங்களுக்குள்ள ஞானத்தை நாம் அதற்குமுன் இவ்வளவு மதித்ததில்லை. "பாட்டரி போய்விட்டது" என்றார் ஒருவர். (பாட்டரி போயிருந்தால் யந்திரம் சுற்றவே சுற்றாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.) "டீசல் பம்பைக் கழற்றித் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், துணியைப் பெட்ரோலில் நனைத்துக் காற்று இழுக்கும் வாயில் பிடித்தால் அடுத்த க்ஷணமே கிளம்பும் என்றார். அப்படிச் செய்ததில் போன வருஷம் யாருடைய புருவமோ பொசுங்கிப்போன கதையையும் அவரே சொல்லி முடித்தார்.

முக்கால் மணி நேரம் இப்படிக் கழிந்த பிறகு டிரைவர் மறுபடியும் சாவியைத் திருப்பினான். என்ன ஆச்சரியம்! உடனே கிளம்பிவிட்டது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். ஐந்து நிமிஷம் ஓடிற்று. பிறகு பழையபடி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. இந்தத் தடவை பையன் பாட்டரி களைத்துப்போகிறவரையில் செல்ப்பைப் போட்டும் பலனில்லை.

அப்போதுதான் சிநேகிதருடைய சித்தப்பா வாயைத் திறந்தார். "டீசலை நேற்று வாங்கி வந்தது யார்?" என்று கேட்டார். டிரைவர்தான் கேனில் வாங்கி வந்து ஊற்றியிருந்தான். "பங்கிலே டீசலாகத்தான் கொடுத்திருப்பார்கள். வயலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி தண்ணீராகிவிட்டதோ என்னமோ! காலம் அப்படி இருக்கிறது" என்றார். பையனுடைய முகம் சுருங்கிப்போயிற்று. அவன் சிநேகிதரைப் பார்த்தான். சிநேகிதர் வாய்க்காலைப் பார்த்தார். அவர் "சேச்சே!" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பதினெட்டுப் பெண்களும் சாட்சி. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவியிருக்கும்.

பக்கத்து வயல்காரரிடம் பாட்டரி இரவல் வாங்கிப் பொருத்தினார்கள். சாவியைத் திருப்பினால் இப்போது 'டிக்' என்ற சப்தங்கூட வரவில்லை. கூட்டத்திலிருந்த ஒரு வாலிபன், "செல்ப்பை நேரே தட்டிவிடுகிறேன்" என்று பெரிய திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கு முன்னால், யந்திரத்தின் பக்கவாட்டில் குனிந்தான்.

"கையை எடுடா!" என்று ஓர் அதட்டல் கேட்டது.

டெலிபோன் செய்து வரவழைத்திருந்த மேஸ்திரி அப்போதுதான் மோட்டார் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். அவர் யந்திரத்தைப் பார்க்கவில்லை. கியர்த் தடியைக் காட்டினார். வண்டி கியரிலேயே இருந்தது! யந்திரம் நின்ற கவலையில் பையன் அதை எடுக்க மறந்திருக்கிறான். கியரில் இருக்கும்போது செல்ப் சுற்றக்கூடாது என்பதற்காக அந்த ரக டிராக்டரில் காவலுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். சாவிக்குச் சப்தம் வராததன் ரகசியம் அதுதான். திருப்புளியால் இரண்டு முனைகளையும் சேர்த்தால் மின்சாரம் அந்தக் காவலைத் தாண்டிக்கொண்டு போய்விடும். செல்ப் சுற்றும், வண்டியும் நகரும், யந்திரம் பிடித்துக்கொண்டால் நிற்காமல் போகும். சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருப்பவன் கதி என்ன ஆகும்? இந்த விதத்தில் உயிரிழந்தவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. வாலிபன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விட்டான்.

மேஸ்திரியின் பையில் ஸ்பானர்கள் இருந்தன. ஆனால் அவர் பையைத் திறக்கவில்லை. நாட்டு வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் முதலில் கேள்விகள் கேட்டார். "எப்படி நின்றது? பட்டென்று நின்றதா, திணறி நின்றதா?" "திணறித்தான், அண்ணே." "சுற்றும்போது புகை வந்ததா?" "கொஞ்சங்கூட இல்லை." "ஆறப்போட்டால் கிளம்புகிறதா?" "ஒரு தடவை கிளம்பி, ஐந்து நிமிஷம் ஓடிற்று." மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். இந்த மூன்று பதில்களிலேயே அவருக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. நமக்கோ ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பெட்ரோல் யந்திரத்துக்கு நெருப்புப் பொறி வேண்டும். டீசல் யந்திரத்துக்குப் பொறி கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் சைக்கிள் பம்பிலேயே இருக்கிறது. வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதேபோல் சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நெருக்குகிறது. காற்றின் உஷ்ணம் ஐந்நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்து நாசில் வழியாக டீசலைப் பனித்திவலைபோல் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. மலாய் நாட்டிலும் பர்மாவிலும் மூங்கிலிலும் மாட்டுக் கொம்பிலும் சிறு குழாய் செய்து, இதே வித்தையால் பஞ்சைப் பற்றவைத்து நெருப்புண்டாக்குவது வெகுகாலத்து வழக்கம். (டீசல் 1913-இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து காணாமற்போய்க் கடலில் பிணமாகக் கிடைத்தார். அது தனிக் கதை.)

ஆகவே, இந்த யந்திரம் கிளம்பாவிட்டால் விசாரிக்க வேண்டிய ஆசாமிகள் அதிகம் பேரில்லை. சுற்றுகிற வேகம் போதவில்லையா? காற்று வரவில்லையா? நெருக்கம் குறைந்து சூடு ஏறவில்லையா? டீசல் வரவில்லையா? புகைக் குழாயே சாட்சி சொல்லிவிடும். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. ஆறப்போட்டால் ஐந்து நிமிஷம் ஓடுகிறது என்றால் டீசல் வருகிற வழி முழுவதும் அடைபடவில்லை. சொட்டுச் சொட்டாக வந்து சேருகிறது. இந்த நிலைமையில் விலையுயர்ந்த பம்பின்மேல் கை வைப்பது, தாகமாயிருக்கிறவனுக்குத் தொண்டையை அறுத்துப் பார்ப்பது போலாகும்.

வயலுக்குத் திரும்புவோம். மேஸ்திரி முதலில் யந்திரத்தை நிறுத்தும் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார். அதை இழுத்தபடியே விட்டுவிட்டு ஆள் மேல் ஆள் அனுப்பியவர்கள் அநேகம் பேராம். பிறகு வடிகட்டியின் கீழிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு வெள்ளைச் சீசாவில் ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். டீசல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். சீசாவில் மேலிருந்து அடிவரையில் ஒரே நிறம். மேஸ்திரி அதைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். "பெரியவரே, நீங்களே பாருங்கள்" என்றார். சித்தப்பா பார்த்தார், பேசாமல் சீசாவைப் பையனிடம் நீட்டினார். பையன் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தபடியாக டாங்கியிலிருந்து வரும் குழாயை மேஸ்திரி தளர்த்தினார். டாங்கியில் முக்காலளவுக்கு டீசல் இருந்தும் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் அண்ணாந்து டாங்கியின் வாயைப் பார்த்தார். மூடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து, நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. "இது யார் செய்த வேலை?" என்று கேட்டுக்கொண்டே கட்டை அவிழ்த்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சப்தம் வரப்பிலிருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது. அதே க்ஷணத்தில் கீழே குழாயில் டீசல் விரற்கனத்துக்குக் கொட்டிற்று.

டாங்கி மூடியில் ஊசித்துவாரம் ஒன்று உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசலை இறங்கவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் டின்னில் ஒரே துவாரம் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வருவதைப் பார்க்காத வீடு எது? கட்டின் இடுக்கு வழியாகக் காற்று மெள்ளக் கசிந்த பிறகுதான் அது நடுவில் ஒரு தடவை கிளம்பியிருக்கிறது.

வியாதி தெரிந்துவிட்டது, ஆனால் குணமாகிவிடவில்லை. இரண்டாந்தடவை விடாமல் சுற்றியதில் குழாய்களில் காற்றுப் புகுந்திருந்தது. காற்று நெருக்கினால் சுருங்கும், டீசல் சுருங்காது. நாசில் திறப்பதற்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். அதனால் 'ஏர் எடுக்க' வேண்டும். மேஸ்திரி பையனைக் கூப்பிட்டு, "நீ செய், தம்பி" என்று ஸ்பானரை அவன் கையில் கொடுத்தார். பையன் வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். முதலில் நுரை வந்தது. பிறகு குமிழியில்லாத டீசல் வந்ததும் முறுக்கினான். அடுத்து டீசல் பம்பிலுள்ள திருகாணி. கடைசியில் நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, மேஸ்திரி செல்ப்பைப் போட, அங்கேயும் நுரை தீர்ந்ததும் ஒவ்வொன்றாக முறுக்கினான். அங்கே மட்டும் விரலைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது என்று மேஸ்திரி இரண்டு தடவை எச்சரித்தார். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியதுபோல்தான் தெரியுமாம். ஆனாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

பதினொன்றரை மணிக்கு யந்திரம் கனைத்தது. வெள்ளையாக ஒரு கொத்துப் புகையைக் கக்கிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓட ஆரம்பித்தது.

"பையைக் கட்டினது யார் என்று இன்னும் சொல்லவில்லையே?" என்றார் மேஸ்திரி. சிநேகிதர் மெதுவாக முன்னால் வந்தார். "நான்தான். மூடி லொடலொடவென்று இருந்தது. ராத்திரி மழை பெய்தது. டீசலில் தண்ணீர் இறங்கிவிடப் போகிறதே என்று..." அவரால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பிறகு டிராக்டருக்குப் பக்கத்தில் போய், யந்திரத்தின் சப்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, தப்பு என்னுடையது. காலையிலேயே உனக்காக நான் பேசியிருக்க வேணும்" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினான்.

நடவாட்களுக்கு முழு நாள் கூலியும், அதற்குமேல் கொஞ்சமும் கொடுத்தார் சிநேகிதர். இருட்டுகிறவரையில் நட்டார்கள். நடுவில் ஒரு கிழவி மட்டும் குனிந்தபடியே, "ஏன் ஐயா, ராத்திரி மழையிலே எங்க வீட்டுக் கூரையெல்லாம் ஒழுகுச்சு. அந்தப் பையை எங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். வயல் முழுவதும் சிரிப்பு எழுந்தது.

மறுநாள் மன்னார்குடிக் கடைத்தெருவில் புது மூடி வாங்கினோம். சிநேகிதர் அதைக் கடைவாசலிலேயே வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துவாரம் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.