நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்!

இதை எழுதினால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தேத்தண்ணி குடிக்கிற நாலைந்து அண்ணைமார் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லண்டனில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எங்கடையாக்கள் கொஞ்சப்பேர், மழை இல்லாத ஞாயிறுகளில் ஹரோப் பக்கம் ஒரு கார்த் தரிப்பிடத்தில் கூடுவோம். சில நாட்களில் பொக்ஸ் ஹில் வரைக்கும் ஓடிவிட்டு வருவோம். உண்மையைச் சொன்னால் ஓடுவதைவிடக் கதைப்பதுதான் கூட. ஆருடைய வண்டிக்காவது வருத்தம் என்றால் அன்றைக்குத் திருவிழா. ஆறு பேர் குனிந்து பார்ப்பார்கள், ஏழு வைத்தியம் சொல்வார்கள். எல்லா வைத்தியத்துக்கும் முன்னுரை ஒன்றுதான்.

"தம்பி, நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்!"

இதுதான் எங்கள் சேர்ட்டிபிக்கற். இதைச் சொன்ன பிறகு எதிர்க்கேள்வி கிடையாது. அந்தச் சேர்ட்டிபிக்கற் செல்லாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பெடியனின் கதை. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. 125 சீசீ வண்டி ஒன்றில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஒரு தை மாதம் வந்து, "அண்ணை, வண்டி இடையில நிண்டு நிண்டு போகுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"பற்றறிதான். மாத்து" என்றார் ஒருவர். மாற்றினான். அடுத்த ஞாயிறு, "அப்ப பிளக்" என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினான். பிறகு கொயில். கிட்டத்தட்ட இருநூறு பவுண்ஸ், மூன்று கிழமை அரைகுறை வேலை. வண்டி பழையபடி நின்றுகொண்டேயிருந்தது.

நானும் அங்கேதான் நின்றேன். பற்றறி என்று சொன்னவர் என்னைவிட மூத்தவர். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் கிழமைதான் பெடியனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்ப நிக்குது?"

"கியர் போட்டவுடனை அண்ணை. நியூற்றலில எவ்வளவு நேரமும் ஓடும்."

விசயம் அவ்வளவுதான். சைட் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவிச் இருக்கிறது. ஸ்ராண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிற்பாட்டுவதுதான் அதன் வேலை. பனிக்காலத்தில் றோட்டுக்குப் போடுகிற உப்பு அதற்குள் போய் அரித்துவிட்டால், ஸ்ராண்ட் மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகவே அது நினைக்கும். கழற்றித் துப்புரவாக்கினோம். அரை மணித்தியால வேலை. வண்டி ஓடியது. "எப்ப நிக்குது?" என்ற இரண்டு சொல்லை மூன்று கிழமையாக ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்குப் பெடியன் கொடுத்த விலை இருநூறு பவுண்ஸ்.

(கதை அதோடு முடியவில்லை. "உந்தச் சுவிச்சை வெட்டி எறிஞ்சிட்டு வயரை ஒண்டாய்க் கட்டு, பிறகு பிரச்சினையே வராது" என்றார் ஒரு அண்ணை. ஸ்ராண்டை மடக்க மறந்து இடதுபக்க வளைவில் சரித்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.)

சரி, மண்ணெண்ணெய்க் காலத்துக்கு வருவோம். நானும் அந்தக் காலத்து ஆள்தான்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறியும் தடை. எம்.டி. 90, சி.டி. 125, சாலி எல்லாம் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதிலே சில சொட்டுக் காபரேற்றருக்குள் விட்டு மிதித்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்தப் பெற்றோல் சொட்டு. பின்னால் புகை ஊரை மூடும்.

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் மிச்சக் கதையைச் சொல்வதில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். பிளக் கரி பிடிக்கும். தேய்ந்து செத்த எஞ்சின்கள் எத்தனை! வேறு வழியில்லாமல் செய்ததை வித்தை என்று இங்கே வந்து விற்கிறோம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் கிடுகுக் கொட்டில் ஒன்றில் ஒரு மெக்கானிக் இருந்தார். எங்களுக்கெல்லாம் கராஜ் அண்ணை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஸ்பனரைத் தொடமாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாங்கில் இருந்தபடி கேள்வி கேட்பார். "எப்ப நிண்டது? சூடாய் இருக்கேக்கையோ, காலமை மிதிக்கேக்கையோ? ஒரேயடியா நிண்டதோ, இழுத்து இழுத்து நிண்டதோ? திரும்ப மிதிக்க என்ன செய்தது? கடைசியா ஆர் கழட்டினது?"

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெடியள் முழிப்பார்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்? அவரிடம் மாற்றிப் பார்க்கப் புதுச் சாமான் கிடையாது. வேலை செய்கிற ஒரு பிளக்கை வைத்து ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் சோதித்தார். சாமான் இல்லாத இடத்தில் ஊகித்து மாற்ற முடியாது, கண்டுபிடித்தே ஆகவேண்டும். எண்ணெய் வருகுதா, பொறி அடிக்குதா, காற்றுப் போகுதா, எஞ்சினில் அமுக்கம் இருக்குதா என்று காசு செலவில்லாததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது வருத்தம் என்று தெரியாமலே போய்விடும் என்பார்.

இன்னொன்றும் இருந்தது. அவர் ஓடாத மோட்டார் சைக்கிளை ஓடவைப்பார். ஆனால் பிறேக் பிடிக்காத மோட்டார் சைக்கிளைக் கொட்டிலை விட்டு வெளியே விடமாட்டார். இயக்கப் பெடியள் வந்து அவசரம் என்று நின்றாலும் அதுதான் பதில்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்றுத்தந்த பாடம் இதுதான். பொறுமையாய்க் கேள், மலிவானதிலிருந்து தொடங்கு, உயிரோடு விளையாடாதே. நாங்கள் கப்பலேறும்போது அந்தப் பாடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் புகையை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம். இங்கே கடையில் எல்லாச் சாமானும் கிடக்கிறது. அதனால் யோசிக்கத் தேவையில்லை, மாற்றினால் சரி. அதுவும் மற்றவனுடைய காசில்.

இன்னொரு உதாரணம். எங்களில் ஒருவர் ஊர் ஞாபகத்துக்காக 80களின் சி.டி. 200 ஒன்றைத் தேடி வாங்கினார். பிரித்தானியாவில் 2021 புரட்டாதியிலிருந்து சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரைக்கும் எதனோல் கலக்கிறார்கள். அதற்கு முன்னர் 5 வீதம் வரைதான். எதனோல் ஈரத்தை இழுக்கும், பழைய றபர்க் குழாய்களைக் கெடுக்கும். குளிர்காலம் முழுக்க ஓடாமல் நின்றால் காபரேற்றரின் சின்ன ஜெற் அடைபடும். பழைய காபரேற்றர் வண்டிக்கு விலை கூடிய சுப்பர் பெற்றோலை அடித்து, நிற்பாட்டி வைக்கும்போது காபரேற்றரை வடித்துவிட்டால் பாதி வருத்தம் வராது. அவர் இதைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில்: "மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சினுக்கு உது என்ன செய்யும்?" சித்திரையில் குழாய் வெடித்துச் சூடான எஞ்சினுக்கு மேலே பெற்றோல் ஒழுகியது. தீப்பிடிக்காதது அவருடைய குலதெய்வத்தின் புண்ணியம்.

இனி, நான் எழுத வந்த விசயம்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் செயினை எப்படித் துப்புரவாக்குவது என்று கேட்டார். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், பஸ் ஓட்டுகிற வேலை. "பின் சில்லைத் தூக்கி நிப்பாட்டிப்போட்டு, முதலாம் கியரில எஞ்சினை ஓட விடு. செயின் தானாச் சுத்தும். நீ துணியைப் பிடிச்சுக்கொண்டிருந்தாக் காணும்" என்றார் அண்ணை ஒருவர். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். ஏனென்றால் நானும் வருடக்கணக்காக அப்படித்தான் துடைத்தேன்.

இரண்டு கிழமையில் துணியின் நுனியைச் செயின் பிடித்தது. துணியோடு கையும் போனது. வலது கைச் சுட்டுவிரலில் இரண்டு கணு இப்போது இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் ஏசவில்லை. "நீங்களும் அப்பிடித்தானே துடைக்கிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. 'எனக்கு ஒண்டும் நடக்கேல்லை' என்பது எனக்கிருந்த அதிர்ஷ்டம். அதை அவருக்கு அறிவுரையாகக் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கேட்டவுடன் மற்றப் பக்கத்து ஆக்கள் எழும்பி வருவார்கள். "அதுதானே சொன்னனாங்கள், தெரியாத வேலைக்கு ஏன் போறியள், கராஜில குடுக்க வேண்டியதுதானே." அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என்னுடைய வண்டியின் பற்றறி அடிக்கடி இறங்குகிறது என்று ஒரு கராஜில் கொடுத்தபோது, ஸ்ரேற்றரும் றெகுலேற்றரும் மாற்றவேண்டும் என்று நானூறு பவுண்ஸுக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பத்துப் பவுண்ஸ் மீற்றரால் அளந்தேன். சாதாரண பற்றறி நிறைந்திருந்தால், சும்மா கிடக்கும்போது 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டும். 12 என்று காட்டினால் அது கிட்டத்தட்ட வெறுமை. எஞ்சினை ஓடவிட்டு அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரைக்கும் ஏறவேண்டும். எனக்கு ஏறவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கனெக்ரர் பச்சை பிடித்துக் கருகிக் கிடந்தது. அதைச் சுரண்டித் துப்புரவாக்க 14 காட்டியது. தன் வண்டியைத் தானே திறந்து பார்க்கத் தெரியாதவன், கராஜ்காரன் சொல்வதைத்தான் வேதம் என்று நம்பவேண்டும். ஆகவே நீங்களே திறவுங்கள். ஆனால் ஒழுங்கோடு திறவுங்கள்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்கப்போவது இவைதான்.

கேள்வி கேட்காமல் மருந்து சொல்லாதீர்கள். எப்போது, எப்படி, கடைசியாக ஆர் கைவைத்தது என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நீங்கள் செய்து பார்த்ததா, ஆரோ சொல்லக் கேட்டதா என்று பிரித்துச் சொல்லுங்கள். கேட்டது என்றால் கேட்டது என்றே சொல்லுங்கள். அதில் ஒரு மானக்கேடும் இல்லை.

பிறேக், ரயர், ஸ்ரியறிங் மூன்றிலும் ஊகம் கூடாது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசானால் நீண்ட இறக்கத்தில் சூடாகி உள்ளே ஆவி கட்டும், பிறகு லீவர் கைபிடியோடு ஒட்டும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்கிறார்கள். டொட் 4 போட்ட வண்டிக்கு, நம்பர் கூடினால் நல்லதுதானே என்று டொட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிக்கோன், மற்றதோடு கலக்காது. 5.1 என்பது 4இன் சாதி. இந்த வித்தியாசம் தெரியாதவர், பிறேக் பற்றி மற்றவனுக்குச் சொல்ல வாய் திறக்கவேண்டாம்.

பிழையாய்ச் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு வந்து பிழை என்று சொல்லுங்கள். நான் இங்கே சொல்லிவிட்டேன். செயின் கதைக்கு ஓம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கடைசியாய் இளையவர்களுக்கு. மூத்தவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டாதீர்கள். "ஏன் அண்ணை?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த அண்ணையின் சொல்லைக் கேளுங்கள். "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்" என்று பதில் வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பி.கு: செயின் கழுவ மண்ணெண்ணெய் நல்ல சாமான்தான். இங்கே பரபின் என்று விற்கிறார்கள். எஞ்சினை நிற்பாட்டி, திறப்பைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, நியூற்றலில் சில்லைக் கையால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். பத்து நிமிடம் கூடப் பிடிக்கும். பிடிக்கட்டும்.