சுற்றத்தை அழைத்த மருத்துவர்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் பாடத்தில் மனஞ் செலுத்தாது வாடலானான். தனியே அழைத்து வினவினேன், வாய் திறந்தானல்லன். தந்தைக்கு மூன்று கடிதங்கள் விடுத்தேன், மறுமொழி இல்லை. ஈற்றில் அவன் பாடசாலையை விட்டே நீங்கினான். அவன் அம்மம்மாவிடம் வளர்ந்தவன் என்பதும், அவ்வம்மையார் காலமாகிவிட்டார் என்பதும், தந்தையோடு அவனுக்குப் பேச்சு வார்த்தையே இல்லை என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. அவனை நன்கறிந்த மாமன் ஒருவர் அடுத்த தெருவிலேயே இருந்தார். அவரை அழைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கலாநிதி கரோலின் அற்னீவ் என்னும் அமெரிக்க முதுகுடிப் பெண்மணியின் வரலாற்றை அண்மையிற் படித்தபோது அம்மாணவனே என் கண்முன் நின்றான்.

அற்னீவ் 1920 ஆம் ஆண்டு ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரிற் பிறந்தவர். தந்தை வழியில் ஸ்கந்திநேவியர். தாய் வழியில் லெனாப்பே குடியினர். ஆங்கிலேயர் இக்குடியினரை டெலவெயர் என்றழைத்தனர். அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள டெலவெயர் ஆற்றுப்புலமே இவர்தம் தாயகம். ஐக்கிய அமெரிக்க அரசு முதுகுடி மக்களோடு எழுத்து மூலஞ் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை 1778 இல் இவர்களோடு செய்யப்பட்டதேயாம். எனினும் இவர்கள் மேற்கு நோக்கித் துரத்தப்பட்டுப் பலர் ஈற்றில் ஒக்லஹோமாவை அடைந்தனர்.

நிலத்தை இழந்த முதுகுடி மக்கள் பின்னர்ப் பிள்ளைகளையும் இழந்தனர். 1879 இல் பென்சில்வேனியாவிலே கார்லைல் என்னுமிடத்தில் எழுந்த விடுதிப் பாடசாலை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தலைமயிரைக் கத்தரித்து, தாய்மொழி பேசுதலையுந் தடுத்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு வேறு பல பாடசாலைகளும் எழுந்தன. ஆசிரியத் தொழிலால் உண்டு வாழும் எனக்கு இச்செய்தி நாணந் தருகின்றது.

அற்னீவ் தம் குடியின் மரபைத் தாய்வழிப் பாட்டன் பாட்டியரிடம் அறிந்தார். 1952 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நோயாளர் ஒருவரைத் தனியறையில் இருத்தி வினவுவதே அக்காலத்து உளமருத்துவத்தின் பெருவழக்கு. 1960 களில் ஒக்லஹோமாவில் முதுகுடி மக்களிடையே பணியாற்றியபோது, ஒருவர் துயரைக் கிளைஞர் பலர் கூடித் தாங்கும் வாழ்வை அவர் அணுகிக் கண்டார். பின்னர்ப் பிலடெல்பியா சென்று, றொஸ் ஸ்பெக் என்னும் மருத்துவரோடு சேர்ந்து பணிபுரிந்தார். அந்நகரம் அவருடைய முன்னோர் துரத்தப்பட்ட அதே மண்ணில் எழுந்ததாகும். முன்னோரை இழந்த நிலத்திற்கு அவர்தம் அறிவைப் பெயர்த்தி மீளக் கொணர்ந்தார் என்பது என் கருத்து.

அவர்கள் கையாண்ட முறை இது: ஒரு குடும்பம் துயரிற் சிக்கினால், உறவினர், நண்பர், அயலவர் என நாற்பதின்மர் அளவினரை ஓரிடத்திற் கூட்டுவர். கூடியோர் முதலில் ஒரு குலமாக இணைவர், பின் கருத்து வேறுபட்டு முரணுவர், செயலுக்கு எழுவர், இயலாதெனச் சோர்வர், ஈற்றில் தடையை உடைத்து, களைப்போடு கூடிய களிப்பை எய்துவர். 1973 இல் இருவரும் எழுதிய 'குடும்ப வலைப்பின்னல்கள்' என்னும் நூல் இப்படிநிலைகளை விளக்குகின்றது. குலமாக வாழ்வோரிடையே இவ்வலை முன்னரே உண்டு. நகரத்தாருக்கோ அதனைப் புதிதாகப் பின்னவேண்டும்.

"சுற்றமே நோய்க்குக் காரணமாயின் என்செய்வது?" என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. மானத்தின் பெயரால் இளையோரை நெருக்குஞ் சுற்றத்தாரை நானுங் கண்டுள்ளேன். ஆயினும் அற்னீவ் கூட்டியது பெரியோர் தீர்ப்புரைக்கும் மன்றம் அன்று. நண்பருக்கும் அயலவருக்கும் அங்கே இடமிருந்தது. முரண்பாடு மறைக்கப்படவில்லை, வெளிப்படையாகப் பேசப்பட்டது. பல்கலைக்கழகக் கல்வியை அவர் எறிந்துவிடவுமில்லை. பாட்டியார் வீட்டு அறிவை அதற்கு அடிமையாக்கவுமில்லை. வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராயும், முதுகுடியியற் கல்வித் துறையின் பணிப்பாளராயும் விளங்கினார். முதுகுடி உளவியலாளர் ஒருவரையொருவர் அறியுமாறு ஓர் இணைப்பையும் உண்டாக்கினார். 1992 இல் மறைந்தார்.

இதன் பயன் மருத்துவ அறையோடு நிற்பதன்று. முதுகுடிப் பிள்ளைகளில் நான்கிலொரு பங்குக்குக் குறையாதோர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர் என ஆய்வுகள் காட்டிய பின்னர், 1978 இல் அமெரிக்க நாட்டிலே ஒரு சட்டம் பிறந்தது. பிள்ளையை வேறிடத்திற் சேர்க்க நேரின் முதலிடம் சுற்றத்தார்க்கே என்று அது விதித்தது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. சுற்றம் பிள்ளையின் உரிமை என்பதை ஓர் அரசு ஒப்புக்கொள்ள எத்தனை தலைமுறை சென்றது!

"இது நமக்குப் புதிதோ? வள்ளுவர் 'சுற்றந்தழால்' என ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ?" என்று நம்மவர் பெருமை பேசுவர். பேசுவாருள் நானும் ஒருவன். ஆண்டுதோறும் அவ்வதிகாரத்தைப் பதவுரை பொழிப்புரையோடு கற்பித்தவன் நான். மாணவன் ஒருவன் மூழ்கும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. மரபைப் போற்றுதல் வேறு. மரபுக்கு மீளுதல் வேறு. அற்னீவ் மீண்டார். நாமோ போற்றுவதோடு நின்றுவிட்டோம்.

அடுத்த தெருவிலிருந்த அம்மாமனாரை அண்மையிற் சென்று கண்டேன். "அப்போதே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, வாத்தியார்" என்றார். அதற்கு நான் கூறத்தக்க விடை எந்த நூலிலும் இல்லை.